காட்டுச் சண்டைமீன்களும் அவற்றின் சிற்றுறவினங்களும்

நகரங்களில் அழகுமீன் விற்கும் கடைகளில், சிறு கண்ணாடிப் புட்டிகளில் தனித்தனியே அடைத்து வைக்கப்பட்டிருக்கும் சண்டைமீனைக் காணாதார் சிலரே. நீண்டு தொங்கும் துடுப்புகளும், செக்கச் சிவந்த அல்லது கருநீல நிறமும் உடைய அம்மீன், மனிதன் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்த்து உண்டாக்கியதாகும். அதன் மூதாதையான காட்டுமீனைப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், இரண்டும் ஓர் இனமே என்று ஒப்புக்கொள்வது பலருக்கும் அரிதாகும். காட்டுமீன் 5 அல்லது 6 சென்டிமீட்டர் நீளமே உடையது, துடுப்புகள் குட்டையானவை, அமைதியாக இருக்கையில் உடல் மங்கிய பழுப்பு நிறமாகவே தோன்றும். மற்றோர் ஆண்மீனைக் கண்டு சினங்கொள்ளும்போதுதான் அதன் பசுமையும் நீலமும் செம்மையும் வெளிப்படுகின்றன.

தாய்லாந்து நாட்டு அரசாங்கம் 2019-ஆம் ஆண்டில் இச்சண்டைமீனைத் தன் தேசிய நீர்வாழ் விலங்காக அறிவித்தது. ஆயினும், அந்நாட்டின் நெல்வயல்களிலும் சேற்றுக் குட்டைகளிலும் வாழும் தூய காட்டுமீனை அடையாளம் கண்டு சொல்வது நாளுக்கு நாள் கடினமாகி வருகிறது. அதற்குரிய காரணங்களைப் பின்னர்க் காண்போம்.

சண்டைமீன்கள் அடங்கிய பேரினத்திற்கு பெட்டா என்பது பெயர். டச்சு இராணுவ மருத்துவராகப் பட்டாவியாவில் பணியாற்றிய பீட்டர் பிளீக்கர் என்பவர், ஜாவாவில் வழங்கிய பெயரொன்றைக் கொண்டு 1850-இல் இப்பேரினத்தை நிறுவினார். இதில் இன்று 70-க்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. கடையில் விற்கப்படுவது அவற்றுள் ஒன்றன் வழிவந்ததே. எஞ்சியவற்றுட் பெரும்பாலானவை கடை வாயிலை எட்டியதேயில்லை.

பெட்டாக்களும், கௌராமிகளும், நம் நாட்டுப் பனையேறிக் கெண்டையும் லாபிரிந்த் மீன்கள் என்னும் பெருந்தொகுதியைச் சேர்ந்தவை. செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறத்தும் உள்ள அறைகளில், மடிப்பு மடிப்பாக அமைந்த ஓர் உறுப்பு இவற்றுக்கு உண்டு. முதற் செவுள் வளைவின் மேற்பகுதி விரிந்து இவ்வுறுப்பாக மாறியுள்ளது. அதன்மேல் இரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய தோல் போர்த்தியிருக்கிறது. மீன் நீர்மட்டத்திற்கு வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கியதும், அக்காற்றிலுள்ள பிராணவாயு அங்கே இரத்தத்திற் கலக்கிறது. பிராணவாயு அருகிய வெதுவெதுப்பான தேங்குநீரில் பிற மீன்கள் மூச்சுத் திணறி மடிகையில், இவை உயிர் தரித்திருப்பதன் இரகசியம் இதுவே. சண்டைமீனைச் சிறு புட்டியில் அடைத்து வைக்கலாம் என்னும் வழக்கமும் இதிலிருந்து பிறந்ததே. உயிர் தரித்திருத்தல் வேறு, நலமாக வாழ்தல் வேறு என்பதைப் புட்டியில் அடைப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பெயரில் நேர்ந்த குழப்பம்

இம்மீன்களை இனம் பிரிப்பதில் வல்லுநரும் தடுமாறியதுண்டு. வங்காளத்தில் கம்பெனி மருத்துவராக இருந்த டேனிஷ்காரரான தியோடர் காண்டர், 1849-இல் பினாங்குத் தீவின் மீனொன்றை விவரித்து அதற்குப் ‘புக்னாக்ஸ்’, அதாவது போர்க்குணமுடையது, என்னும் சிறப்புப் பெயரை அளித்தார். சயாம் நாட்டார் பந்தயத்திற்கு வளர்த்த சண்டைமீனும் அதன் ஒரு வகையே என்று கருதப்பட்டது. ஏறத்தாழ 60 ஆண்டுகள் சென்ற பின்னரே, லண்டன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டேட் ரீகன் இவை இரண்டும் வெவ்வேறு இனங்கள் என்று கண்டு, சயாமின் மீனுக்கு 1910-இல் ‘பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்’ எனப் புதுப்பெயர் சூட்டினார். போர்க்குணமுடையது என்ற பெயரோ, பினாங்கின் ஓடைகளில் வாழ்ந்து, முட்டைகளை வாயில் அடக்கிக் காக்கும் அமைதியான மீனிடமே நிலைத்துவிட்டது. மீன்களின் பெயர்களைக் கொண்டு அவற்றின் குணத்தை அறிய முற்படுவோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

வங்காளத்திலேயே நிகழ்ந்த மற்றொரு பிழையும் சுவையானது. பிரான்சிஸ் ஹாமில்ட்டன், கங்கையின் மீன்களைப் பற்றி 1822-இல் வெளியிட்ட நூலில், ‘சூனா’ என்றும் ‘சோட்டா’ என்றும் இரண்டு சிறு கௌராமிகளைத் தனித்தனி இனங்களாக விவரித்தார். அவை ஓரினத்தின் ஆணும் பெண்ணுமே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இன்று தேன் கௌராமி என வழங்கும் மீன் இதுவே. முட்டையிடும் பருவத்தில் ஆண்மீன் தேனின் நிறத்தை அடைகிறது; முகத்திலிருந்து வயிறுவரை கருமை படர்கிறது. பெண்மீனோ வெளிர் பழுப்பு நிறமும், உடலின் நெடுக ஓடும் ஒரு கருங்கோடுமாக இருக்கும். இரண்டையும் ஒருசேரக் காண்பவர் ஹாமில்ட்டனைக் குறை கூற மாட்டார்.

முதலில் நோக்க வேண்டியது துடுப்பு

ஒரு சிறு லாபிரிந்த் மீனைக் கையிற் கொண்டவர் முதலில் பார்க்க வேண்டியது முதுகுத் துடுப்பையே, நிறத்தை நம்பலாகாது. பெட்டாவின் முதுகுத் துடுப்பு அடிப்பகுதி குறுகியது; முதுகின் நடுவுக்குப் பின்னே தள்ளி அமைந்தது; அதில் முட்கள் இரண்டுக்கு மேல் இருப்பதில்லை, சிலவற்றில் ஒன்றும் இராது. குதத் துடுப்போ வயிற்றின் கீழே தொடங்கி வால்வரை நீண்டு செல்லும். இந்த ஏற்றத்தாழ்வே பெட்டாவின் முத்திரை.

இதனோடு மயங்குதற்கு இடமான பேரினங்கள் சிலவுண்டு. பாரோஸ்ஃப்ரோமெனஸ் என்னும் குறுமீன்களில் முதுகுத் துடுப்பும் குதத் துடுப்பும் ஏறக்குறைய ஒத்த நீளமுடையவை. மீனின் நீளம் பெரும்பாலும் 4 சென்டிமீட்டரைத் தாண்டுவதில்லை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் சூடோஸ்ஃப்ரோமெனஸில் முதுகுத் துடுப்பு நீண்டது. அதில் பத்துக்கு மேற்பட்ட முட்கள் உண்டு. கௌராமிகளில் வயிற்றுத் துடுப்பு மெல்லிய நூலிழையாக மாறி, தடவிப் பார்க்கும் உறுப்பாகப் பயன்படுகிறது. டிரைகாப்ஸிஸ் என்னும் குரலெழுப்பும் கௌராமிதான் பெட்டாவோடு மிகவும் குழம்பக்கூடியது. அதன் முதுகுத் துடுப்பும் குறுகியதே. ஆயின் அதன் முகம் கூரியது. துடுப்புகளின் முனைகளும் கூர்மையானவை. உடலில் நீளவாட்டில் புள்ளிவரிசைகளோ கோடுகளோ காணப்படும். ஐயம் தீராவிடில் காது தீர்த்துவைக்கும். மார்புத் துடுப்பின் தசைநாண்களைச் சுண்டி இம்மீன் எழுப்பும் ‘கர்கர்’ என்னும் ஒலி, அமைதியான அறையில் தொட்டிக்கு வெளியேயும் நன்கு கேட்கும்.

பெட்டா என்று உறுதியான பிறகு, அது எவ்வகைப் பெட்டா என்பது அடுத்த கேள்வி. இனப்பெருக்க முறையைக் கொண்டு இவற்றை இருபெரும் பகுப்பாகக் கொள்ளலாம். நீர்மட்டத்தில் எச்சில் குமிழ்களால் கூடு கட்டுவன ஒன்று. தந்தைமீன் முட்டைகளை வாயிலே வைத்துக் காப்பன மற்றொன்று. இரண்டாம் பகுப்பைச் சேர்ந்தவற்றுக்குத் தலை பருத்தும் வாய் அகன்றும் இருப்பது பொதுவான அடையாளம். பினாங்கின் புக்னாக்ஸ், ஜாவாவின் பிக்டா, புருனேயிலும் சரவாக்கிலும் காணப்படும் மாக்ரோஸ்டோமா, கிழக்குக் கலிமந்தானின் அல்பிமார்ஜினேட்டா ஆகியவை இத்தகையன.

செவுள் மூடி கூறும் செய்தி

சயாமியச் சண்டைமீனுக்கு மிக நெருங்கிய காட்டினங்களை ஒன்றினின்று ஒன்று பிரிப்பதே எல்லாவற்றிலும் கடினமான பணி. இக்கூட்டத்தில் ஸ்ப்ளெண்டென்ஸ் தவிர, ஸ்மராக்டினா (1972), இம்பெல்லிஸ் (1975), ஸ்டிக்டோஸ் (2005), மஹாசையென்சிஸ், சயாம்ஓரியென்டாலிஸ் (இரண்டும் 2012) ஆகியன அடங்கும். அடைப்பிலுள்ளவை அவை விவரிக்கப்பட்ட ஆண்டுகள்.

ஆண்மீன் சிலிர்த்து நிற்கையில் அதன் செவுள் மூடியைக் கூர்ந்து நோக்க வேண்டும். காட்டு ஸ்ப்ளெண்டென்ஸில் அங்கே இரு செந்நிறப் பட்டைகள் செங்குத்தாகத் தென்படும். தென்தாய்லாந்திலும் மலாய்த் தீபகற்பத்திலும் வாழும் இம்பெல்லிஸில் அப்பட்டைகள் நீலம் அல்லது பசுமை; அதன் வாலின் விளிம்பை ஒட்டிப் பிறைபோன்ற சிவப்புக் கீற்று ஒன்றும், குதத் துடுப்பின் பின்முனையில் சிவப்பும் காணப்படும். வடகிழக்குத் தாய்லாந்திலும் லாவோஸிலும் உள்ள ஸ்மராக்டினாவில் பட்டை என ஒன்றில்லை. செவுள் மூடி முழுவதுமே மரகதச் செதில்களால் போர்த்தப்பட்டதுபோல் ஒளிரும். மஹாசையென்சிஸ், பாங்காக்குக்கு அருகிலுள்ள சமுத் சாக்கோன் பகுதியில், உவர்ப்பு கலந்த நீரில் நிப்பா பனைகளின் அடியில் வாழ்வது. அதன் பட்டைகளும் பசுநீலமே. கருத்த உடலின்மேல் பச்சைச் செதில்கள் வரிசை வரிசையாக மின்னும். மீன் வளர்ப்போர் இதனை நெடுநாள் அறிந்திருந்தும், விஞ்ஞானப் பெயர் பெறுதற்கு 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இவ்வடையாளங்கள் யாவும் நலமுள்ள, முதிர்ந்த, சிலிர்த்து நிற்கும் ஆண்மீனுக்கே பொருந்தும். அஞ்சிய மீனிலும், பயணக் களைப்புற்ற மீனிலும் நீளவாட்டுக் கருங்கோடுகளே எஞ்சும். பெண்மீன்களைப் பார்வையால் மட்டும் பிரித்தறிவது பெரும்பாலும் இயலாது. சாராயத்தில் இட்டுப் பாதுகாத்த மீனில் வண்ணம் அழிந்துவிடும். அப்போது துடுப்புக் கதிர்களையும் செதில் வரிசைகளையும் எண்ணுவதே வழி. ஆகையால் மீன் எந்த ஊரில், எத்தகைய நீரில் பிடிக்கப்பட்டது என்னும் குறிப்பு, மீனுக்கு நிகரான மதிப்புடையதாகிறது. குறிப்பில்லாத மீன் எத்துணை அழகியதாயினும் ஆராய்ச்சிக்கு அதன் பயன் குறைவே.

சிக்கல் இத்துடன் நிற்கவில்லை. இக்கூட்டத்தின் இனங்கள் ஒன்றோடொன்று கலந்து குஞ்சு பொரிக்கக் கூடியவை. பிறக்கும் கலப்பினமும் பெரும்பாலும் மலடாவதில்லை. பண்ணையிலிருந்து தப்பியவையும், வேண்டாமென்று விடப்பட்டவையும் வயல்களில் காட்டுமீனோடு கூடுகின்றன. 2022-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆராய்ச்சியொன்று, மனிதன் சண்டைமீனை வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1,000 ஆண்டுகளாயின என்று மதிப்பிட்டது. வளர்ப்பு மீனில் ஸ்ப்ளெண்டென்ஸின் இரத்தமே மிகுதி என்பதையும், பிற காட்டினங்களின் கலப்பும் அதில் உண்டு என்பதையும் அது காட்டியது. அதற்கு மறுதலையாக, காட்டில் பிடித்த சில மீன்களில் வளர்ப்பு மீனின் மரபணுக்கள் புகுந்திருப்பதும் அதிலேயே வெளிப்பட்டது. காட்டுமீன் என்று பெயரிட்டு விற்கப்படுவன அனைத்தும் காட்டுமீன்கள் அல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

கருந்தேநீர் நிறத்து நீரில்

மக்கிய இலைதழைகள் நூற்றாண்டுக் கணக்காகப் படிந்து உண்டான பீட் சதுப்புக் காடுகள் மலேசியாவிலும், சுமத்ராவிலும், போர்னியோவிலும் உண்டு. அவற்றின் நீர் கருந்தேநீர் போன்றது. உப்புகள் அதில் இல்லையென்றே சொல்லலாம், பி.எச். எண் 4-க்கும் கீழே இறங்குவதுண்டு. வேறு மீன்கள் பல அண்டாத அந்நீரில், காக்சினா கூட்டம் எனப்படும் சிறிய, மெலிந்த, திராட்சை மதுவின் செந்நிறமுள்ள பெட்டாக்கள் வாழ்கின்றன. 1979-இல் விவரிக்கப்பட்ட காக்சினாவே இக்கூட்டத்திற்குப் பெயர் தந்தது. சரவாக்கின் பிரவுனோரம் இனத்தில் விலாவின் நடுவே பெரிய பசும்புள்ளி ஆண் பெண் இரண்டிலும் தெளிவாக இருக்கும். காக்சினாவில் அப்புள்ளி சிறியது, பெண்மீன்களில் பெரும்பாலும் காணப்படாது. ருட்டிலன்ஸில் புள்ளியே இல்லை.

இவற்றின் நிலை கவலைக்குரியது. ஜொகூர் மாநிலத்து ஆயர் ஈத்தாம் பகுதியிலிருந்து 1986-இல் விவரிக்கப்பட்ட பெர்செஃபோனியும், பிந்தான் தீவின் மினியோபின்னாவும் மிகச் சிறிய இடங்களில் மட்டுமே வாழ்பவை. சதுப்பை வெட்டி வடித்து எண்ணெய்ப்பனை பயிரிடும்போது, நீர் மட்டம் இறங்குவதோடு நீரின் தன்மையும் மாறிவிடுகிறது. ஒரு வாய்க்காலைத் தூர்ப்பதனால் ஓர் இனமே உலகினின்று மறைந்துவிடக்கூடிய நிலை இது. சயாமியச் சண்டைமீனின் காட்டினத்தையும் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழிவுக்கு உட்படக்கூடியவற்றின் பட்டியலில் வைத்துள்ளது. எனவே, இம்மீன்களைத் தூய வழியில், ஊர்க்குறிப்புடன் வளர்த்துக் காப்போரின் கண்ணாடித் தொட்டிகள் இன்று வெறும் பொழுதுபோக்குச் சாதனங்களாக மட்டும் இல்லை.

உடன் வைத்தற்குரியவை

காட்டுப் பெட்டாக்களைப் பிற சிறு லாபிரிந்த் மீன்களோடு ஒரே தொட்டியில் வைக்கலாமா என்பது வளர்ப்போர் பலரும் கேட்பது. இயற்கையில் இவை சேர்ந்தே வாழ்கின்றன. இம்பெல்லிஸ் வாழும் குட்டைகளில் டிரைகாப்ஸிஸும் பனையேறிக் கெண்டையும் உண்டு. ஆனால், தோற்ற மீன் தப்பியோடுதற்குக் குட்டையில் இடமிருக்கிறது. தொட்டியில் நான்கு பக்கமும் கண்ணாடி. இவ்வேற்றுமையை மறந்தால் நன்மையில்லை.

60 சென்டிமீட்டர் நீளமும், 30 சென்டிமீட்டர் அகலமும் உயரமும் உள்ள தொட்டியில் இம்பெல்லிஸ் ஓர் இணையும், டிரைகாப்ஸிஸ் புமிலா என்னும் மின்னும் குறுங்கௌராமிகள் ஆறும் ஒத்து வாழக் கூடும். குறுங்கௌராமி 4 சென்டிமீட்டரே வளர்வது, பூசலை நாடாதது. தேன் கௌராமியும் சாதுவானதே. ஆயினும் அது கூச்சமுள்ளது, பெட்டா முரட்டுத்தனம் காட்டினால் உணவுண்ண வெளியே வராது. குள்ளக் கௌராமியைத் தவிர்ப்பதே நலம். ஆண்மீன் இட உரிமை கொண்டாடுவது. அன்றியும், பண்ணைகளில் பெருகும் குள்ளக் கௌராமிகளில் இரிடோவைரஸ் என்னும் கொடிய தொற்று பரவலாகக் காணப்படுகிறது. அரிய காட்டுமீன் உள்ள தொட்டியில் அதனை இடுவது அறிவுடைமையாகாது. பனையேறிக் கெண்டை ஒரு சாண் அளவுக்கும் மேல் வளர்வது, சிறுமீன்களை விழுங்கிவிடும்.

காக்சினா கூட்டத்தை இயன்றவரை தனியே வைக்க வேண்டும். சதுப்பில் அவற்றோடு வாழும் பாரோஸ்ஃப்ரோமெனஸ் ஒன்றே ஓரளவு பொருத்தமான துணை. இரண்டும் இலைக்கடியிலும் பொந்துகளிலும் கூடு கட்டுபவையாதலால் மறைவிடங்கள் மிகுதியாக வேண்டும். பாரோஸ்ஃப்ரோமெனஸ் உயிருள்ள இரையையே பெரிதும் உண்ணும். சுறுசுறுப்பான பெட்டா முந்திக்கொண்டால் அது பட்டினி கிடக்கும். ஒரே கூட்டத்தைச் சேர்ந்த இரண்டு பெட்டா இனங்களை எக்காரணத்தாலும் ஒன்றாக வைக்கலாகாது. அங்கே பிறக்கும் குஞ்சுக்கு ஊருமில்லை, பெயருமில்லை.

நம் நாட்டு மீனொன்றையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். பாண்டிச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றிலிருந்து பெறப்பட்டு, 1831-இல் விவரிக்கப்பட்டது சூடோஸ்ஃப்ரோமெனஸ் குப்பானஸ். ஆற்றின் பெயரே மீனின் பெயராயிற்று. கேரளத்தில் அதன் நெருங்கிய இனமாகிய டேயி வாழ்கிறது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டேயின் நினைவாக 1908-இல் பெயர் பெற்ற இது, நெடுங்காலம் குப்பானஸின் உட்பிரிவாகவே எண்ணப்பட்டு வந்தது. டேயியின் உடலில் நீளவாட்டில் இரு கருங்கோடுகள் உண்டு. ஆண்மீனின் வாலில் நடுக்கதிர்கள் நீண்டிருக்கும். குப்பானஸில் வாலின் அடியில் கரும்புள்ளி காணப்படும். கொசுப்புழுக்களை விரும்பியுண்ணும் இவ்விரு மீன்களும் இம்பெல்லிஸோடு சேர்ந்து வாழும் இயல்பினவே. சயாமின் மீனுக்கு விலை கொடுப்போர், தம் ஊர் வாய்க்காலில் உள்ள இதனைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

தொட்டிக்கு வேண்டுவன அதிகமில்லை. நீரோட்டம் வலுவாக இருத்தல் கூடாது. வெப்பநிலை 24 முதல் 28 டிகிரி சென்டிகிரேடு வரை போதும். காக்சினா கூட்டத்திற்குச் சற்றுக் குறைவாயினும் கேடில்லை. மழைநீரோடு உலர்ந்த நாட்டு வாதுமை இலைகளைச் சேர்த்தால் நீர் மென்மையாகி, இளஞ்சிவப்புப் பழுப்பு நிறத்தை அடையும். மிதக்கும் செடிகள் ஒளியை மட்டுப்படுத்துவதோடு குமிழ்க் கூட்டுக்கும் தாங்கலாகும். சிரட்டையைப் பாதியாக்கி ஓரத்தில் ஒரு வாயில் வெட்டிக் கவிழ்த்து வைத்தால் அதுவே நல்ல பொந்து. மூடி இன்றியமையாதது: காட்டுப் பெட்டாக்கள் சிறு இடைவெளி கண்டாலும் துள்ளி வெளியேறிவிடும், மூடியின் கீழே தங்கும் ஈரமான வெதுவெதுப்பான காற்றும் அவற்றின் மூச்சுக்கு ஏற்றது. புதிதாக வந்த மீனை மூன்று நான்கு வாரங்கள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே பிறவற்றோடு சேர்க்க வேண்டும்.

குமிழ்க் கூடு கட்டும் இனங்களில், ஆண்மீன் பெண்மீனைத் தழுவி, வீழும் முட்டைகளை வாயால் பொறுக்கிக் கூட்டில் ஒட்டும். அதன்பின் தாயையும் அண்டவிடாது; ஆகவே இனப்பெருக்கத்தின்போது உடனுள்ள எல்லா மீன்களையும் வேறிடம் மாற்றுதல் வேண்டும். முட்டைகள் ஓரிரு நாளில் பொரிந்து, மேலும் இரண்டு மூன்று நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். வாயில் காக்கும் இனங்களிலோ, ஆண்மீன் தன் குதத் துடுப்பில் ஏந்திய முட்டைகளைப் பெண்மீன் எடுத்து அதன் முகத்தெதிரே உமிழும். ஆண் அவற்றைப் பற்றி வாயில் சேர்த்துக்கொள்ளும். பத்து நாள் முதல் மூன்று வாரம்வரை இரையின்றிக் கிடக்கும் அம்மீனைக் கலவரப்படுத்தினால் முட்டைகளை விழுங்கிவிடுவது வழக்கம்.

குமிழ்க் கூட்டுக் குஞ்சுகளுக்கு முதலில் இன்ஃபியூசோரியா என்னும் நுண்ணுயிர்களும், ஒரு வாரத்தின் பின் ஆர்ட்டீமியாக் குஞ்சுகளும் உணவாகும். பிறந்த குஞ்சுக்கு லாபிரிந்த் உறுப்பு இல்லை. சில வாரங்கள் சென்ற பின்னரே அது உருவாகிறது. அக்காலத்தில் நீரின் மேல் எண்ணெய்ப் படலம் படியாமலும், குளிர்ந்த காற்று உட்புகாமலும் காத்தல் வேண்டும். ஆண்குஞ்சுகள் மூன்றாம் மாதமளவில் ஒன்றையொன்று துரத்தத் தொடங்கும். அவற்றைப் பிரித்து வைக்கும் ஒவ்வொரு தொட்டியிலும் இனத்தின் பெயரோடு, பெற்றோர் பிடிக்கப்பட்ட ஊரும் ஆண்டும் எழுதிய சீட்டு ஒட்டப்பட வேண்டும்.